சனிக்கிழமைக் குளம்: நாஞ்சில் நாட்டில் ஆகாயத்தாமரை அள்ளிய ஓராண்டு – ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் என் கைபேசிக்கு ஒரே கேள்விதான் வரும்: “டீச்சர், நாளைக்கி உண்டா?” உண்டு என்று ஒரு சொல் போட்டால் போதும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் ஏழெட்டுப் பேராவது நிற்பார்கள். ஒருவர் கையில் தோட்டி என்கிற கொக்கிக் கழி, ஒருவர் தலையில் கடவம் என்கிற பெரிய கூடை, யாராவது ஒருவர் கையில் கட்டன்சாயா நிறைந்த பிளாஸ்க். 2023 பிப்ரவரி 25, சிவராத்திரியும் சிவாலய ஓட்டமும் கழிந்த அடுத்த சனிக்கிழமை, ஊர்க்குளத்தில் களை அள்ளும் இந்த வேலை தொடங்கியது. 2024 மார்ச் வரையிலான என் குறிப்புகளை வைத்து இதை எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். யார் வந்தார்கள், எந்தப் பக்கம் அள்ளினோம், என்ன பறவை நின்றது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தேதி போட்டு எழுதி வைத்தேன். குளத்தைப் பற்றிய குறிப்பேடு என்றுதான் நினைத்திருந்தேன். ஆறேழு மாதம் போனபின் புரட்டினால், ஆட்களைப் பற்றி எழுதியதே கூடுதலாக இருந்தது. குளத்துக்கு நடந்ததையும் ஆட்களுக்கு நடந்ததையும் பிரித்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இரண்டும் ஒரே காரணத்தால் நடந்தன. அந்தக் காரணத்தைக் காட்டுவதற்காகவே இந்த ஆய்வு.

வந்தவர்களின் உடல்நலமும் மனநலமும் இதில் பேசப்படுவதால் குளத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. தேரூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்துவிடுகிற தூரம்.

குளமும் களையும்

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. வயலிலும் அப்படியே இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு குளம் நிறைந்து வழியும் மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. கடைசியில் எல்லாம் பழையாற்றில் விழுந்து மணக்குடியில் கடலுக்குப் போகும். தனிக்குளம் என்று ஒன்று இங்கே கிடையாது. மேலே ஒருவர் கொட்டியது கீழே இன்னொருவர் படித்துறைக்கு வந்து சேரும்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுப்பும் வேம்பனூர் ஈரநிலத் தொகுப்பும் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. தீபகற்பத்தின் தென்கோடியில் இருப்பதால் வலசை வரும் பறவைகளுக்கு இவை நிலத்தின் கடைசித் தங்குமிடங்களில் சேர்ந்தவை. எங்கள் குளம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தேரூரில் அடைகிற நாரை விடிந்ததும் சுற்றியுள்ள சின்னக் குளங்களிலும் வயல்களிலும்தான் இறங்குகிறது. பெரிய குளத்தைக் காத்துவிட்டுச் சின்னக் குளங்களைக் களைக்கு விட்டுக்கொடுத்தால் பறவைக்குப் படுக்கை உண்டு, சாப்பாடு இல்லை என்றாகிவிடும்.

வெங்காயத்தாமரை என்றும் சொல்லும் இந்த ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவின் அமேசான் பகுதிச் செடி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுக்காக வங்காளத்துக்கு வந்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. விதை முளைக்கும்வரை அது காத்திருப்பதில்லை. பக்கவாட்டில் ஓடுதண்டு விட்டு, அதன் நுனியில் குட்டிச்செடி வைத்து, அந்தக் குட்டி இன்னொரு குட்டி வைக்கும். வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இருந்ததுபோல் இரண்டு மடங்காகும். இந்த ‘இரண்டு வாரம்’ பின்னால் வரும், நினைவில் இருக்கட்டும். விதைகளோ சேற்றுக்குள் 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். செடி தண்ணீர்மேல் பாய் விரித்துவிட்டால் வெளிச்சம் கீழே இறங்காது, தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும், கொசு பெருகும். மழை வரும்போது மறுகாலில் போய்ச் செருகிக்கொள்ளும். எங்கள் குளத்தில் 2023 தொடக்கத்தில் கரையிலிருந்து கரைக்கு ஒரே பச்சை. புதிதாகப் பார்க்கிறவர்கள் புல்வெளி என்று நினைப்பார்கள். ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி அப்படி நினைத்து இறங்கி, நாலைந்து பேர் கயிறு போட்டு இழுத்தோம்.

இந்தச் செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்றால் வீட்டுக் கழிவுநீரிலிருந்தும் வயல் உரத்திலிருந்தும்தான். வடமேற்கு மூலையில் ஒரு சாக்கடை நேரே குளத்தில் விழுகிறது. அதைப்பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் சனியும் நாலாம் சனியும்

குளம் நம்முடையது என்று சொன்னாலும் கை வைப்பதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும், மீன் குத்தகைக்காரரின் சம்மதமும் வேண்டும். இரண்டும் கிடைக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் வீணாகவில்லை. குளத்தில் என்னென்ன பறவை, எந்த மூலையில் ஆம்பல், எங்கே தாமரை என்று கரையைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டோம்.

முதல் நாள் நாற்பதுக்கும் மேல் ஆட்கள். பேனர், தொப்பி, புகைப்படம். பிள்ளைகள் உற்சாகமாக இறங்கி, படித்துறையைச் சுற்றி நல்ல அகலத்துக்குத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். அள்ளியதை எல்லாம் கரையின் உள்சரிவிலேயே குவித்தோம். அது தவறு. ஒரு கோடைமழை பெய்ததும் குவியலில் பாதி திரும்பத் தண்ணீருக்குள் சரிந்து, வேர் நனைந்து, முன்பைவிடச் செழிப்பாக எழுந்தது. மார்ச் 18, நாலாவது சனிக்கிழமை, வந்தவர்கள் பதினொரு பேர். முதல் நாள் தெளிந்த இடத்தில் பாதி மறுபடியும் பச்சை.

அன்றைக்கு எல்லோருக்கும் மனம் விட்டுப்போயிற்று. படித்துறையில் உட்கார்ந்திருந்த பாட்டா ஒருவர் பேசினார். வயது 78. அந்தக் காலத்தில் குளத்து மடையைத் திறந்து மூடும் பொறுப்பு அவருக்கு. மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருக்கிறவர்.

“இது ஒருநாள் கல்யாணம் இல்ல மக்களே, கோழி வளக்குத மாதிரியாக்கும். தெனமும் பாக்கணும். தெனமும் முடியாதுன்னா வாரத்துல ஒரு நாள் வையுங்க. ஆனா அந்த நாள் தெத்தப்பிடாது.”

நாள் தவறக்கூடாது என்று அவர் சொன்னதைத்தான் செய்தோம். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு. ஞாயிறு வேண்டாம், பாதிப் பேருக்கு ஆராதனை உண்டு. எட்டு மணிக்கு மேல் வேலை நீளக்கூடாது, வெயிலும் ஏறும், அவரவர் சோலியும் கிடக்கும். பத்துப் பேர் வந்தாலும் சரி, நாலு பேர் வந்தாலும் சரி.

வேலை முறையும் மாறியது. மூங்கில் கழிகளைக் கயிற்றில் கோர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒரு வேலி கட்டினோம். தெளிந்த பக்கத்துக்குள் களை நகர்ந்து வராமல் அது தடுக்கும். வாராவாரம் வேலியை நாலைந்து அடி முன்னால் தள்ளுவோம். தோவாளைச் சந்தைக்குத் தாமரை பறித்துப் போடும் ஒரு தம்பி, லாரி டியூபில் மிதந்தபடி களையைக் கொத்துக்கொத்தாகக் கரைக்குத் தள்ளித் தருவார். நாங்கள் தோட்டி போட்டு இழுத்துக் கடவத்தில் வாரி, கரையின் வெளிப்பக்கம் வேர் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போடுவோம். பச்சைச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். தலையில் ஏற்றும்போது கழுத்து இறங்கும், காது வழியாகச் சேற்றுத்தண்ணீர் ஒழுகும். ஒரு வாரம் வெயிலில் காய்ந்தால் அதே குவியல் கைப்பிடிச் சருகு. அதைத் தென்னை மூட்டில் போடுகிறோம். கழிவுநீரில் வளர்ந்த ஆகாயத்தாமரை உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுப்பதில்லை.

இரண்டு மணி நேரம்

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று நாங்கள் வைத்தது வெயிலையும் வீட்டுச் சோலியையும் கணக்கிட்டு. பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதல் என்று காட்டியது. அந்த 120 நிமிடம் ஒரே தடவையிலா, பல தடவையாகவா என்பதில் வேறுபாடு இல்லை. இது காரணத்தை நிறுவிய ஆய்வு அல்ல. உடல் நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் வாதிடலாம்.

வெறுமனே இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இன்னொரு ஆய்வு தொட்டது. பிரிட்டனில் காட்டுயிர் அறக்கட்டளைகளின் தன்னார்வலர்களை எசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 12 வாரம் தொடர்ந்து விசாரித்து 2017-இல் வெளியிட்டது. தொடக்கத்தில் 100-க்கு 39 பேர் மனநிறைவு குறைந்தவர்களாக இருந்தார்கள், 12 வாரத்தில் அது 19 ஆனது. பங்கெடுத்தவர்கள் 139 பேர்தான், விடைகளும் அவர்களே சொன்னவை. ஆனாலும் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு சனிக்கிழமை. இதற்கெல்லாம் முன்பே, 1998-இல், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வில்லியம் பேர்ட் என்ற மருத்துவர் தன்னிடம் வருகிறவர்களைச் செடி நடவும் வேலி கட்டவும் அனுப்பும் ‘பசுமை உடற்பயிற்சிக்கூடம்’ ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

இதையெல்லாம் படித்தபோது என் மனம் களையின் கணக்குக்குத் திரும்பியது. செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிறது. வாரம் ஒருமுறை இறங்கினால் நாம் அதை முந்தலாம். மாதம் ஒருமுறை என்றால் அது நம்மை முந்தும். வருடத்தில் ஒருநாள் பேனரோடு வந்தால் குளத்துக்கு ஒன்றுமே நடக்காது. வருகிறவருக்கும் அப்படித்தான். ஒருநாள் வந்தவர்களுக்கு ஒரு நல்ல காலைப்பொழுது கிடைத்தது, அவ்வளவே. யாருடைய தூக்கத்திலோ, பசியிலோ, பேச்சிலோ மாற்றம் கண்டேனோ அவர்கள் எல்லோரும் விடாமல் வந்தவர்கள்.

கல்ஃப் அண்ணன்

குமரியில் தெருவுக்கு ஒருவராவது கல்ஃபிலிருந்து திரும்பியவர் இருப்பார். இவருக்கு வயது 54. இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வேலை, கம்பெனி ஆள் குறைத்தபோது திரும்பிவிட்டார். பணத்துக்குப் பெரிய முட்டு இல்லை. ஆனால் வீட்டை விட்டு இறங்கமாட்டார். அவர் மனைவி சந்தையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “டீச்சர், இவிய ராத்திரி முழுக்க விட்டத்தப் பாத்துட்டே கெடக்காவ. பகல்ல யாரு வந்தாலும் உள்ள போயிருவாவ. ஊர்ல யாரயும் தெரியாதுன்னு சொல்லுதாவ. பொறந்த ஊரு!”

ஏப்ரல் மாதம் ஒருநாள் மனைவியே ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். முதல் மூன்று வாரம் அவர் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் நின்று கடவத்தை வாங்கிக் கவிழ்ப்பார், யாரிடமும் பேச்சில்லை. நாலாம் வாரம் வரவில்லை. ஐந்தாம் வாரம் வந்தபோது, டியூப் தம்பி நடுக்குளத்திலிருந்து சத்தமாகக் கேட்டார்: “அண்ணோ, போன சனி உங்களத் தேடிச்சே! எங்க போனிய?”

எங்கள் பக்கத்தில் ‘தேடிச்சு’ என்றால் ஆளைத் தேடி அலைந்தது என்று பொருளில்லை, இல்லாத குறை மனத்தில் பட்டது என்று பொருள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்றைக்குத்தான் முதன்முதலாக இறங்கினார்.

அதற்குப்பின் நடந்ததை என் குறிப்பேட்டில் சின்னச் சின்னதாக எழுதியிருக்கிறேன். மே கடைசியில்: “வீட்டிலிருந்து மட்டிப்பழக் குலை கொண்டுவந்தார்.” ஜூனில்: “வெள்ளி, சனி ராத்திரி உறக்கம் வருதாம். மற்ற நாள் இல்லையாம்.” ஜூலையில்: “புதன்கிழமையும் தனியாக வந்து வேலிக்கயிறு பார்த்தாராம், மனைவி சொன்னார்.” திடீரென்று எதுவும் நடக்கவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் இரண்டானது, பிறகு மூன்றானது.

ஏன் இப்படி என்பதற்கு மனநல ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கவலையில் குத்திட்டு நிற்கும் கவனம், நீரும் இலையும் அசைவதைப் பார்க்கும்போது தானாக அவிழ்ந்து ஓய்வெடுக்கிறது என்பது கப்லான் தம்பதியர் 1980-களில் வகுத்த கருத்து. உடலுழைப்பு தூக்கம் தரும், காலை வெளிச்சம் உடலின் நேரத்தைச் சீராக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஓராண்டு பக்கத்தில் நின்று பார்த்தவளாக, முதல் இடத்தை நான் அந்தத் ‘தேடிச்சே’வுக்குத்தான் கொடுப்பேன். ஒரு குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில், நாம் இல்லாவிட்டால் வேலை ஒரு கை குறையும் என்பது. பூங்காவில் தனியாக நடந்தால் காற்று கிடைக்கும், இது கிடைக்காது.

என்னையும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பதினோரு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். 2022 கடைசியில் அவர்கள் போனபின் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும், மருந்து கொடுக்க ஆள் இருக்காது. அந்த ஐந்து மணிக்கு ஒரு வேலை கிடைத்தது. என் குறிப்பேட்டில் என்னைப்பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான்.

நாலு முட்டை

ஜூலை 8. டியூப் தம்பியும் கல்ஃப் அண்ணனும் தென்கிழக்கு மூலையில் ஒரு பெரிய களைத்திட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார் அண்ணன். திட்டின் நடுவே, அமுங்கிய இலைகளின்மேல், நாலு முட்டை. பம்பரம் போல ஒரு பக்கம் கூர்ந்து, எண்ணெய் தடவிய செம்புபோல் பளபளப்பு. கூர்முனைகள் நடுவில் சேரும்படி கிடந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு நீளவால் இலைக்கோழி சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்துப் போய்க் கத்தியது.

அன்று கரையில் பெரிய வாக்குவாதம். எந்தக் களையை ஒழிக்க ஐந்து மாதமாக முதுகு ஒடிந்தோமோ அதே களைமேல் கூடு. விட்டால் நாலு வாரத்தில் அந்தத் திட்டு நாலு மடங்காகும். ஜூன் மழைக்குப் பிறகு தண்ணீரும் ஏறியிருந்தது. குத்தகைக்காரர் எடுக்கத்தான் வேண்டும் என்றார். பிள்ளைகளில் சிலர் முட்டையைத் தாமரை இலைக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். நான் பறவையின் கணக்கைச் சொன்னேன்: இந்த இனத்தில் அடைகாப்பது ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை நடத்துவதும் தகப்பன் வேலை. நாலு வாரம்போல ஆகும்.

பாட்டா தீர்ப்புச் சொன்னார்: “களைய நாளைக்கும் எடுக்கலாம்.”

மூங்கில் வேலியில் ஒரு பகுதியை அறுத்து அந்தத் திட்டைச் சுற்றி வளையமாகக் கட்டினோம், வெளியே பரவாதபடி. முப்பது அடிக்குள் யாரும் போகக்கூடாது. கல்ஃப் அண்ணன் மகனிடமிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். நாலு சனிக்கிழமையும் ஆள் வேறெங்கும் நகரவில்லை. வேலை முடிந்து எல்லோரும் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கரையில் குந்தியிருந்து, தகப்பன் பறவை நெஞ்சுக்கும் சிறகுக்கும் நடுவில் முட்டைகளை ஒதுக்கிக்கொள்வதைப் பார்ப்பார். மழை சாறும்போது அது சிறகைக் குடைபோல் கொஞ்சம் விரிக்கும்.

மூன்றாம் சனி நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல் சொன்னார்: “ரெண்டு பிள்ளையளையும் பெறந்து ஒரு வருசம் களிஞ்சாக்கும் டீச்சர் நான் பாத்தது.”

ஆகஸ்ட் 5 அன்று மூன்று குஞ்சுகள், தண்ணீரில் நூல் நடப்பதுபோல் இலைமேல் நடந்தன. திட்டு நாங்கள் பயந்ததுபோலவே பெருத்துவிட்டது. அதை எடுத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்தோம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மூலையைத் தொடுவதில்லை, ஆம்பலையும் தாமரையையும் கரையோரக் கோரையையும் எப்போதும் தொடுவதில்லை. குளத்தைச் சுத்தம் செய்வது வேறு, வழித்துத் துடைப்பது வேறு. எல்லாவற்றையும் வாரி எடுத்த குளம் புகைப்படத்தில் நன்றாக இருக்கும், முக்குளிப்பானுக்கு ஒளிய இடம் இருக்காது.

குளத்தால் ஆகாதது

ஒரு மாணவி. தேர்வு எழுதி எழுதித் தோற்று, வீட்டில் அடைந்து கிடந்தவள். மே மாதம் வந்தாள். கண் கூர்மை, பறவைப் பட்டியல் எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தோம். ஐந்து வாரம் அழகான கையெழுத்தில் எழுதினாள். ஆறாம் வாரம் நின்றுவிட்டாள். நான் வீட்டுக்குப் போய், “குளத்துக்கு வா பிள்ளே, எல்லாம் சரியாகும்” என்றேன். அதைச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். அவள் சாப்பிட்டு நாலு நாள் ஆகியிருந்தது. எழுந்து உட்காரவே முடியவில்லை. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது மனநல மருத்துவர், அவளுடைய அம்மாவுக்கு அதைத் தைரியமாகச் சொல்ல ஓர் ஆள். இரண்டும் கிடைத்தன. மாத்திரை, ஆலோசனை என்று நாலு மாதம் போனபின் அக்டோபரில் அவளாகத் திரும்பி வந்தாள்.

தளர்ச்சியாக இருப்பவருக்கும் நோயாக இருப்பவருக்கும் வேறுபாடு உண்டு. தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் இவை இருந்தால் முதலில் மருத்துவர். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மனாஸ்) இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். குளம் அதற்குப் பிறகு.

உடல் பக்கமும் எச்சரிக்கை வேண்டும். ஜூனில் எங்களில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல், கெண்டைக்காலில் வலி. எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று பயந்து சோதனை செய்தோம், நல்லவேளை இல்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள வெட்டுக்காயம், சேற்றுப்புண் வழியாக உள்ளே போவதால் அது வரும், நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் எல்லோரும் அறிந்த நோய். அன்றிலிருந்து கம்பூட்டும் கையுறையும் இல்லாமல் யாரையும் இறக்குவதில்லை. காயமிருந்தால் கரையில் வேலை. மழைக்காலத்தில் முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

டிசம்பர் 17, 18

2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பட்ட பாட்டுக்கு எங்கள் பக்கம் குறைவுதான். ஆனாலும் கால்வாய் நிரம்பி, மேலேயுள்ள குளங்களின் களை மொத்தமும் எங்கள் குளத்துக்குள் வந்து விழுந்தது. மூங்கில் வேலி பிய்ந்து மறுகாலில் கிடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் கரையில் நின்று பார்த்தபோது, பத்து மாதத்துக்கு முன்னால் நின்ற அதே பச்சைப் பாய். பாதிக் குளத்துக்கு மேல்.

வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி யாரிடமிருந்தும் வரவில்லை. நானும் எழுதவில்லை. மறுநாள் டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது, வீடுகளில் நட்சத்திரம் கட்டுகிற, முறுக்குச் சுடுகிற நேரம். நான் மட்டும் போய்க் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம் என்று ஆறு மணிக்குப் போனேன்.

பதினாலு பேர் நின்றார்கள். சொல்லாமல் வந்தவர்கள். கல்ஃப் அண்ணன் புது மூங்கில் இரண்டு கட்டு இறக்கிவைத்திருந்தார், அவர் மனைவியும் முதல் தடவையாகக் கம்பூட்டு போட்டு நின்றார். தோட்டியை எடுத்துக் கொடுத்தபடி அண்ணன் கேட்டார்: “மறுகால்லேருந்து தொடங்குவமா டீச்சர்?” பாட்டா கீழே இறங்கக்கூடாது என்று பேரன் தடுத்திருந்ததால் படித்துறையிலிருந்தே எந்தக் கொத்தை முதலில் இழுக்க வேண்டும் என்று கை காட்டினார். மறுகாலில் செருகியதை விடுவித்ததும் தேங்கிய தண்ணீர் ஒரு சத்தத்தோடு இறங்கியது. அன்றைக்கு எட்டு மணிக்கு யாரும் போகவில்லை.

அந்தக் களையை எடுத்து முடிக்கப் பிப்ரவரி பாதி ஆனது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். அதே மாதம் நாங்களும் எங்கள் குளத்தில் எண்ணினோம், பட்டியல் எழுதியது அந்த மாணவி. திறந்த தண்ணீரில் கூழைக்கடா, சீழ்க்கைச் சிறகி, மீசை ஆலா. கோரையோரம் நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி. முந்தைய பிப்ரவரியில் கரையைச் சுற்றி நடந்தபோது கூழைக்கடா ஒன்றுகூட இல்லை. அது நீந்தி மீன் கோருகிற பறவை, அதற்குத் திறந்த நீர் வேண்டும். பாய் விரித்த குளத்தில் அது இறங்கவே முடியாது.

இன்னும் ஆகாதது

வடமேற்கு மூலைச் சாக்கடை இன்றும் குளத்தில்தான் விழுகிறது. மூன்று மனு கொடுத்தோம். வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், போனார்கள். அந்த வாய்க்கு முன்னால் மட்டும் ஆகாயத்தாமரை இடுப்புயரம் வளர்கிறது, வேறெங்கும் அப்படி இல்லை. தன்னார்வலர் பத்துப் பேர் சனிக்கிழமை செய்வதை ஒரு குழாய் ஞாயிறு முதல் வெள்ளி வரை அழிக்கிறது. எங்கள் உழைப்பைக் காட்டி, ‘ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்களே’ என்று யாரும் கையைக் கழுவிவிடக்கூடாது. கழிவுநீரைத் திருப்புவது எங்கள் தோட்டியால் ஆகிற காரியமில்லை, அது அரசு செய்ய வேண்டிய வேலை. நாலாவது மனுவை அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறார். குழாயின் படங்கள், தேதிவாரியாக, என் குறிப்பேட்டிலிருந்து சேர்க்கப்படுகின்றன. திங்கட்கிழமை அவரும் மாணவியும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருக்கிறது.